பதிகத்தைப் பத்திரமாகப் படித்தல்: நாவலர் சோமசுந்தர பாரதியாரும் சேரர் தாயமுறையும்

நாவலர் ச. சோமசுந்தர பாரதியாரின் வாழ்க்கையை எழுதுவோர் அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். 1905 முதல் தூத்துக்குடியிலும் 1920 முதல் மதுரையிலும் வழக்கறிஞர், வ.உ.சி.யின் நண்பர் என்பது முன்பாதி. 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர், கட்டாய இந்தியை எதிர்த்தவர், தொல்காப்பியப் பொருட்படலத்துக்குப் புத்துரை கண்டவர் என்பது பின்பாதி. தமிழ்மேல் கொண்ட காதலால் வக்கீல் தொழிலை உதறினார் என்ற ஒரே வாக்கியம் இரண்டுக்கும் இடையே பாலமாகிறது. தொழிலை விட்டவர் தொழிலின் சிந்தனை முறையையும் விட்டுவிட்டார் என்று கொள்ள இடமில்லை. அவருடைய 'சேரர் தாயமுறை' என்னும் நூலே அதற்குச் சான்று. அந்நூலின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு அவர் சென்ற வழி, நீதிமன்றத்திலிருந்து பல்கலைக்கழகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது எது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

பாரதியார் இதில் தனியொருவர் அல்லர். நெல்லைச் சீமையிலிருந்து மட்டும் சட்டம் படித்துத் தமிழ்க் கல்விக்கு வந்தோர் ஒரு வரிசையாகவே நிற்கிறார்கள். 'எம்.எல். பிள்ளை' என்றே அழைக்கப்பட்ட கா. சுப்பிரமணிய பிள்ளை சட்டக் கல்லூரியில் கற்பித்தவர்; பின்னர் அண்ணாமலையில் தமிழ்ப் பேராசிரியரானார். திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் வழக்காடிய ச. வையாபுரிப் பிள்ளை 1926-இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். பி.எல். பட்டம் பெற்ற ரா.பி. சேதுப்பிள்ளை அண்ணாமலை வழியாகச் சென்னைப் பல்கலைக்கழகம் சென்றார். தமிழ்த் துறைகள் உருவாகிவந்த அந்தக் காலத்தில், ஆங்கிலக் கல்வியும் சான்றை நிறுத்துப் பார்க்கும் பழக்கமும் ஒருங்கே பெற்றிருந்த தமிழறிஞர் பலர் வழக்கறிஞர்களாகவே இருந்தனர்.

இனி நூலுக்கு வருவோம். சேர வேந்தரிடையே அரசுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லவில்லை, மாமனிடமிருந்து மருமகனுக்கே சென்றது என்பது பாரதியாரின் வாதம். அவர் முதன்மைச் சான்றாகக் கொண்டவை, சேரரைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்தோடும் சேர்ந்து வரும் பதிகங்கள். இன்ன சேரனுக்கு இன்ன தேவி 'ஈன்ற மகன்' என்று அவை பாட்டுடைத் தலைவனை அறிமுகம் செய்கின்றன. நான்காம் பதிகம் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலைச் சேரலாதனுக்கு வேளாவிக் கோமான் பதுமன் தேவி ஈன்ற மகன் என்கிறது. 'பதுமன் தேவி' என்றால் பதுமனின் மனைவி. ஒருவன் மனைவி இன்னொருவனுக்கு மகன் ஈன முடியாது. ஆகவே அவள் சேரலாதனின் உடன்பிறந்தாள், அவள் மகன் சேரலாதனுக்குத் தாயத்தால் உரியவன் என்கிறார் பாரதியார். 'மகன்' என்ற உறவுச் சொல்லைவிட, 'சேரலாதற்கு' என்ற நான்காம் வேற்றுமையே அவருக்கு எடையுள்ளதாகத் தெரிகிறது. சொத்து யாருக்குப் போகிறது என்று மூலப்பத்திரத்தில் தேடும் கண் இது.

அந்தக் கண் அன்றைய சூழலில் கூர்மை பெற்றிருந்ததில் வியப்பில்லை. மாமன் சொத்து மருமகனுக்குச் செல்லும் மருமக்கள் தாயம் அப்போது பழங்கதை அல்ல, நடப்பு வழக்கு. திருவிதாங்கூரில் நாயர்களுக்கு 1925-இலும் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு 1926-இலும் தாயச் சட்டங்கள் வந்தன. கவிமணியின் 'மருமக்கள் வழி மான்மியம்' அந்த முறையின் கொடுமையைத் தமிழ்நாட்டு வாசகருக்கு உணர்த்தியிருந்தது. வழக்கறிஞர் ஒருவர் இந்தத் திருவிதாங்கூர் வழக்கத்தைச் சங்கச் சேரரிடம் தேடியது, கண்முன் இருந்த சட்டச் சிக்கலுக்கு வரலாற்று வேர் தேடியதாகும்.

ஆனால் பதிகம் பத்திரம் அல்ல. அது பாட்டுகளின் காலத்துக்குப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்பதே பெரும்பாலோர் கருத்து. முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமல் போனதால் தலைமுறை வரிசையின் தொடக்கமும் முடிவும் நமக்கு இல்லை. இத்தகைய பாடத்தில் ஒரு வேற்றுமை உருபின்மேல் அரசியல் சட்டம் ஒன்றையே கட்ட முடியாது.

என் மறுப்புக்கு முதல் அடிப்படை பதிகங்களுக்குள்ளேயே இருக்கிறது. எட்டாம் பதிகத்தில் செல்வக் கடுங்கோவுக்கும் வேளாவிக் கோமான் பதுமன் தேவிதான் மகனை ஈன்றாள். அவள் பதுமனின் மனைவியாகவும் சேரனின் உடன்பிறந்தாளாகவும் இருந்தால், நான்காம் பதிகத்துச் சேரலாதனான நெடுஞ்சேரலாதனுக்கும் செல்வக் கடுங்கோவுக்கும் ஒருத்தியே உடன்பிறந்தாள் ஆக வேண்டும். முன்னவன் உதியஞ்சேரலின் வழி, பின்னவன் அந்துவனின் வழி என்று அதே பதிகங்கள் கூறுகின்றன. மாறாக, அவள் பதுமன் குடியில் பிறந்த பெண் என்றால் சிக்கலே இல்லை: வேளாவிக் குடி தன் பெண்மக்களைச் சேரரின் இரு கிளைகளுக்கும் கொடுத்தது, அவ்வளவுதான். பதுமனுக்கு மனைவியர் பலர் இருந்திருக்கலாமே என்று பாரதியார் பக்கத்திலிருந்து விடை வரலாம். வரட்டும். ஆனால் எளிய பொருள் கையில் இருக்கும்போது, பல மனைவியரையும் உடன்பிறந்தாரையும் கற்பித்துக்கொள்ள வேண்டிய பொருளை நிறுவும் பொறுப்பு அதைக் கொள்பவருடையது. இந்த விதியை நீதிமன்றத்தில் அவரே பலமுறை வற்புறுத்தியிருப்பார்.

இரண்டாவது, செங்குட்டுவன். ஐந்தாம் பதிகம் அவனை நெடுஞ்சேரலாதனுக்குச் 'சோழன் மணக்கிள்ளி' ஈன்ற மகன் என்கிறது. இங்கே 'தேவி' என்ற சொல்லே இல்லை; ஆண்பெயர் நேராக நிற்கிறது. பாரதியாரின் பொருளுக்கு மிக வலுவான இடம் இதுதான்: தந்தை சோழன், தாய் சேரர் குலப்பெண், மகன் சேரனுக்கு வாரிசு. இதற்கு இணையான தொடர் சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் இருக்கிறது. அங்கும் அதே வாக்கிய அமைப்பு, அதே நான்காம் வேற்றுமை. ஆனால் பதிகத்தில் இல்லாத 'மகள்' அங்கே உண்டு: சேரலாதனுக்குச் சோழனின் மகள் ஈன்ற மைந்தன் செங்குட்டுவன். பதிகத்தில் தொக்கு நின்றதைச் சிலம்பு விரித்துச் சொல்கிறது என்று கொண்டால் தந்தை சேரலாதனே. சிலம்பு பிந்தியது, பழைய உறவு புரியாமல் அது திருத்திக்கொண்டது என்று ஒருவர் வாதிடலாம். அதை முற்றாக மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆயினும் தந்தையின் அவையில் இருந்த, செங்குட்டுவனின் தம்பி இளங்கோவுக்கு அரசு வீற்றிருக்கும் இலக்கணம் உண்டு என நிமித்திகன் சொன்ன செய்தி வரந்தரு காதையில் வருகிறது. தந்தையின் அரியணை மகனுக்கு வரக்கூடியது என்ற நம்பிக்கை இல்லாத நாட்டில் அந்தக் கதைக்குப் பொருளே இருக்காது.

மூன்றாவது சான்று கல்லில் உள்ளது. கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தை அடுத்த ஆறுநாட்டார் மலையில், புகழூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த சமணருக்கு உறையுள் அமைத்ததைச் சொல்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆனபோது அறுத்த கல் அது. மூன்று தலைமுறை, இரண்டு முறை 'மகன்'. ஈன்றவள் யாரென்ற பேச்சே இல்லை. இளவரசுப் பட்டம் மகன்வழிப் பேரனுக்குப் போயிருக்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டினதாகக் கொண்டார். அவருடைய வாசிப்பு 1960-களில்தான் வந்தது. 1959-இல் மறைந்த பாரதியாருக்கு அந்தச் சான்று கிட்டவில்லை.

கல்வெட்டுக்கும் எல்லை உண்டு. அது அந்துவன் வழியான பொறையர் கிளையைப் பற்றியது. செங்குட்டுவன் வந்த குட்டுவர் கிளைக்கு அதை அப்படியே நீட்டக் கூடாது. அதில் வரும் மூவரே ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் என்ற அடையாளப்படுத்தலும் முற்றாகப் பொருந்தவில்லை. கல்லில் இளங்கடுங்கோவின் தந்தை பெருங்கடுங்கோ. ஒன்பதாம் பதிகத்திலோ இளஞ்சேரல் இரும்பொறையின் தந்தை குட்டுவன் இரும்பொறை. இந்த முரண் தீராதவரை கால வரிசையும் தீராது. வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை கருதியதுபோலக் கேரளத்தில் மருமக்கள் தாயம் 11-ஆம் நூற்றாண்டுச் சோழப் போர்களை ஒட்டிப் பரவியதா, அதற்கு முன்பே சில குடிகளில் இருந்ததா என்பதும் திறந்த கேள்வியே.

பாரதியாரின் முடிவு நிற்காது. ஆனாலும், போர்களையும் வெற்றிகளையும் வரிசைப்படுத்துவதே சேர வரலாறு என்றிருந்த காலத்தில், அரியணை எந்த விதியால் கைமாறியது என்ற கேள்வியை எழுப்பியது அவர் செய்த பெரும்பணி. அந்தக் கேள்வி வழக்கு மன்றத்திலிருந்தே வந்தது. 'சேரர் தாயமுறை' இன்று மறுபதிப்பாக வருமானால், புகழூர்க் கல்வெட்டின் பாடமும் வாழ்த்துக் காதையின் இணைத் தொடரும் பின்னிணைப்பாகச் சேர வேண்டும். பதிப்பிக்க முன்வருவோர் இதை மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.