வெண்மணிக்குச் சென்ற நம் பகுதிப் பெண்



1968 டிசம்பர் 25 இரவு. நம் ஆலயங்களில் பண்டிகை ஆராதனை முடிந்து எல்லாரும் வீடு திரும்பியிருந்த வேளையில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே ஒளிந்திருந்த 44 பேர் கருகி மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர். கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டதே பகைக்கு மூலம். கிறிஸ்துமஸ் நாளில் இதை நாம் நினைப்பது அரிது. என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அச்செய்தி கேட்டு அங்கே சென்றவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926-ல் அன்றைய மதுரை மாவட்டத்தில், பட்டிவீரன்பட்டியை அடுத்த அய்யன்கோட்டையில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் நாகம்மாள் நிறைமாதக் கர்ப்பிணியாய் இருந்தபோதும் பிறர் வயலில் பாடுபட்டதைக் கண்டு வளர்ந்தவர். வறுமைக்கிடையே பட்டப்படிப்பை முடித்தார். அக்காலத்தில் அது எத்தனை அரிது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1950-ல் சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில் உழைத்தவர்கள்.

இவ்விடத்தில் ஐடா பி. வெல்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் என் நினைவுக்கு வருகிறார். 1892-ல் மெம்பிஸ் நகரில், அவருடைய நண்பர் உட்பட மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரை ஒரு கும்பல் கொன்றது. அக்கடை ஒரு வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக வளர்ந்திருந்தது. இத்தகைய கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யென்று அவர் துணிந்து எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டது. வெறுப்பின் அடியில் சொத்து கிடக்கிறது என்று அவர் எழுத்தால் காட்டியதை, கிருஷ்ணம்மாள் வெண்மணி வயல்களில் கண்டார். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று.

வழக்கில் கீழ் நீதிமன்றம் மிராசுதார்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. கிருஷ்ணம்மாளோ அப்பகுதியை விட்டு விலகவில்லை. 1981-ல் தம்பதியர் இருவரும் ‘லாஃப்டி’ என்னும் உழுவோர் நில இயக்கத்தைத் தொடங்கினர். நிலமுடையவரையும் நிலமற்றவரையும் எதிரெதிரே அமர வைத்து, நியாய விலை பேசி, வங்கிக் கடனால் நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கராகப் பிரித்தளித்தனர். பெற்றவர்கள் விளைச்சலைக் கொண்டு கடனை அடைத்தனர். 2008-ல் மாற்று நோபல் எனப்படும் விருது அவ்விருவருக்கும் கிடைத்தபோது, நிலம் பெற்ற குடும்பங்கள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன.

பத்திரங்கள் பெண்களின் பெயரிலேயே பதிவாயின. நாகம்மாளின் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை.