தாமோதரைக் கடந்த சேவல்

தீபாவளி இரவில் விளாங்குடி மொட்டைமாடிகளில் காலிப் புட்டிக்குள் செருகிக் கொளுத்தப்படும் ராக்கெட், ஒரு சமயம் நேராக வானேறும். மறு சமயம் அண்டை வீட்டுக் கொடியில் காயும் வேட்டியைத் தேடிப் போகும். இத்தகைய வாணத்துக்குள் கடிதங்களை வைத்து அனுப்பலாம் என்று நம்பி, அதற்காகப் பத்தாண்டுகள் செலவிட்ட மனிதர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார்.

ஸ்டீபன் ஹெக்டர் ஸ்மித் 1891இல் ஷில்லாங்கில் பிறந்தவர். பின்னாளில் இந்திய விமான அஞ்சல் கழகத்தின் செயலாளர். பள்ளிப் பருவத்தில் ஓணான்களை ராக்கெட்டில் வைத்து நீச்சல் குளத்தின் மேல் பறக்கவிட்டார் என்றொரு கதை உண்டு. (நம்மூர்ப் பையன்கள் ஓணான்களைப் படுத்திய பாட்டை அறிந்தவர்களுக்கு இதை நம்பத் தடையிராது.)

ஆஸ்திரியாவில் ஷ்மீடல் என்பவர் 1931இல் மலையிலிருந்து ராக்கெட் மூலம் கடிதங்களை இறக்கியிருந்தார். ஸ்மித்தின் முதல் முயற்சி 1934 செப்டம்பர் 30 அன்று நடந்தது. கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி ஏவப்பட்ட ராக்கெட் நடுவானில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 143 கடிதங்களில் பெரும்பாலானவை பொறுக்கியெடுக்கப்பட்டு உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன!

கருமருந்து ராக்கெட்டின் இயல்பே அது. இடித்து நிரப்பிய மருந்தில் ஒரு சிறு விரிசல் இருந்தாலும் தீப்பற்றும் பரப்பு திடீரென்று கூடும். அழுத்தம் தாங்காமல் குழல் வெடிக்கும். அமெரிக்காவில் செருப்புக் கடைக்காரர் ஆர்வில் கார்லைல் 1954இல் மாதிரி ராக்கெட்டை உருவாக்கினார். அவ்வழியில் எழுந்த பொழுதுபோக்கில், ஆலையில் செய்த எஞ்சினைத் தூர நின்று மின்சாரத்தால் பற்றவைக்கும் முறை நிலைபெற்றது. ஸ்மித்தின் காலத்தில் அந்த வசதியில்லை. பட்டாசுத் தொழிலாளர் செய்துகொடுத்ததுதான் ராக்கெட். ஏவும் நாள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சூதாட்டம்.

ராக்கெட் அஞ்சல் என்பதே அஞ்சல்தலை சேகரிப்போரிடம் காசு பார்க்கும் உத்தி என்றொரு குற்றச்சாட்டு உண்டு. ராக்கெட்டில் பறந்த உறைகளைச் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்கினர் என்பது உண்மையே. ஆனால் 1934 முதல் 1944 வரை ஸ்மித் ஏவியவை சுமார் 270. கடிதம் சுமந்தவை எண்பதுக்குச் சற்று மேல். உறை விற்பது மட்டுமே நோக்கமென்றால் மற்றவற்றை எதற்காக ஏவ வேண்டும்?

1935ஆம் ஆண்டைப் பாருங்கள். ஏப்ரலில் சிக்கிம் மன்னர் டாஷி நம்கியாலின் ஆதரவோடு அங்கே ஏவினார். மே 31 அன்று குவெட்டாவைப் பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஒரு வாரத்துக்குள், வங்காளத்தின் ரூப்நாராயண் ஆற்றின் மேல் அரிசியும் தானியமும் வைத்த ராக்கெட்டைப் பறக்கவிட்டார். வழி துண்டிக்கப்பட்டவர்களுக்கு உணவு அனுப்ப இயலுமா என்பதே அவர் முன்னிருந்த கேள்வி.

ஜூன் 29 அன்று தாமோதர் ஆற்றங்கரையில் ராக்கெட்டுக்குள் ஏற்றப்பட்டவை ஒரு சேவலும் ஒரு கோழியும். நம் வைகையைப் போல ஆண்டில் பாதி நாள் மணலாய்க் கிடக்கும் ஆறன்று. மழைக்காலத்தில் வங்காளத்தையே அழவைத்த ஆறு. இரண்டும் மறுகரையில் உயிரோடு இறங்கின. நாய் லைக்கா விண்ணேறியது 1957இல்தான்.

ஸ்மித் 1951இல் மறைந்தார். அவருடைய முறையை ஒருபோதும் வழக்கமான சேவையாக ஏற்காத இந்திய அஞ்சல் துறை, 1992இல் அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.