நகரத்தின் வரியும் நம்மவரின் கூலியும்



நினைவுரைக்கு இப்படியொரு தலைப்பா என்று சிலர் கேட்டார்கள். சொத்துவரி, குப்பைக் கட்டணம், கழிவுநீர்க் கட்டணம் என்பதெல்லாம் மாமன்றக் கூட்டத்தில் அரைமணி நேரத்தில் நிறைவேறும் தீர்மானங்கள். இலக்கிய மேடைக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நம் மக்களின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய தாள்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கும் நம் பெயர் இருக்காது. செலவினப் பட்டியலில் ஒரு தொகையாக நாம் நிற்போம். அந்தத் தொகையின் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

கதை 1793இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்துச் சட்டம் இயற்றியது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் தெருக்களைச் சுத்தம் செய்ய ஆட்களை நியமிக்கவும், காவலுக்கும் சாலைப் பழுதுக்கும் ஏற்பாடு செய்யவும் அமைதி நீதிபதிகளுக்கு அதிகாரம் தரப்பட்டது. அதற்கான செலவை வீட்டு உரிமையாளர்களிடமும் குடியிருப்போரிடமும் வசூலிக்கலாம். ஆனால் மொத்த ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. இன்று நாம் கட்டும் சொத்துவரியின் பூர்வீகம் இங்கே இருக்கிறது. அந்த வரிக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் துப்புரவு. கூட்டுகிறவரைக் காட்டித்தான் நகரம் தன் முதல் வரியைக் கேட்டது.

அச்சட்டத்தில் வரும் ஆங்கிலச் சொல்லையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஊர்களில் 'ஸ்கேவெஞ்சர்' என்பது தெருத் துப்புரவை மேற்பார்க்கும் ஒரு பொறுப்பின் பெயராக இருந்தது. இங்கே அது சாதியின் மீது வந்து உட்கார்ந்தது. அலுவலகத் தமிழில் 'தோட்டி' ஆனது. அங்கே மாறிமாறி வரும் பொறுப்பாக இருந்தது, இங்கே பிறப்போடு வரும் வேலையாயிற்று. மேற்கு மாவட்டங்களில் அருந்ததியர், சென்னையில் தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர் என்று ஒரு சில சாதிகளின் தோளில் நகரங்களின் மலம் ஏற்றப்பட்டது.

1865இல் சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1866இல் கோவை, சேலம், மதுரை, திருச்சி போன்ற ஊர்கள் நகராட்சிகளாயின. 1884இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. 1920இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. காலராவைக் கண்டு அஞ்சிய அரசு ஒவ்வொரு கட்டத்திலும் சுகாதாரத்தைப் பேசியது. ஒவ்வொரு கட்டத்திலும் வரியின் வகைகள் கூடின. இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. வரி கட்டுவோருக்கே நகராட்சித் தேர்தலில் வாக்கு என்றிருந்தது. வரி விதிக்கும் அளவுக்கு வீடு இல்லாதவருக்கு வாக்கு இல்லை. எவர் உழைப்பைக் காட்டி வரி வாங்கினார்களோ, அவர் கூலியை முடிவுசெய்யும் மன்றத்தில் அவருக்குக் குரல் இல்லாமல் போயிற்று.

அந்தப் பணத்தில் உண்டான வசதிகளாவது நமக்குக் கிடைத்தனவா? 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றிலும் குளத்திலும் நீரெடுக்கவும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் அது அரசாணையாக வெளிவந்தது. பொதுப்பணத்தில் வெட்டிய கிணற்றில் நீர் மொள்ளலாம் என்று சொல்வதற்கு ஓர் அரசாணை தேவைப்பட்ட நாடு இது. தெருவைக் கூட்டலாம், தெருவில் நடக்கக்கூடாது. கிணற்றடியைக் கழுவலாம், கிணற்றில் வாளி விடக்கூடாது. சேவையின் விலையையும் சேவையின் பயனையும் சாதி இப்படித்தான் பிரித்து வைத்தது.

வேலையை விட்டுப் போகவாவது முடிந்ததா? பம்பாய் மாகாணத்தில் 1890இல் வந்த நகராட்சி ஊழியர் சட்டம், துப்புரவு ஊழியர் முன்னறிவிப்பின்றி வேலையை விடுவதைக் குற்றமாக்கியது. வரி கட்டாத வீட்டுக்காரருக்கு ஜப்தி. வேலைக்கு வராத தொழிலாளிக்குச் சிறை. விடுதலைக்குப் பிறகும் நிலை உடனே மாறவில்லை. 1949இல் பம்பாய் அரசு பார்வே குழுவை அமைத்தது. 1957இல் மத்திய அரசு மல்கானி குழுவை அமைத்தது. 1965இல் மீண்டும் மல்கானி தலைமையில் 'வழக்க உரிமை' பற்றி ஆராய ஒரு குழு வந்தது. வீடுவீடாக மலம் அள்ளி அதற்குச் சோறும் பழந்துணியும் சில்லறையும் பெற்றதைத்தான் அரசு 'உரிமை' என்றது. மிச்சச் சோறே கூலியாக இருந்த இடத்தில், பட்டியல்போட்ட கட்டணத்துக்கு வேலையே இல்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2015 நவம்பரில் சேவை வரியோடு தூய்மை இந்தியா மேல்வரி அரை விழுக்காடு சேர்ந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் போயிற்று. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உருவாக்குவோர் பயனாளர் கட்டணம் செலுத்த வேண்டும் என்றன. 2021 ஜனவரி முதல் வீடுகளுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 100 ரூபாய்வரை வசூலிக்கப்போவதாகச் சென்னை மாநகராட்சி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு முழுவதும் சொத்துவரி சீரமைக்கப்பட்டது. 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு உயர்வில் தொடங்கி, பழைய சென்னைப் பகுதியின் பெரிய வீடுகளுக்கு 150 விழுக்காடு வரை போயிற்று. மாநில உற்பத்தியின் வளர்ச்சிக்கேற்பச் சொத்துவரி வசூலும் உயர வேண்டும் என்ற பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனை இதற்குப் பின்னால் இருந்தது.

இந்த உயர்வுகளை எல்லாம் எதிர்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தூய்மைக்குச் செலவுண்டு, அந்தச் செலவை நகரம்தான் ஏற்க வேண்டும். இலவசமாகச் சுத்தம் கேட்ட ஒவ்வொரு காலத்திலும் அந்த இலவசத்தை நம்மவர்தான் ஈடுகட்டினார்கள். ஆனால் வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். சொத்துவரி சொத்தின் மதிப்பைப் பார்க்கிறது. பெரிய வீடு அதிகம் கட்டுகிறது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் குடிசையும் மாளிகையும் ஒரே வரிசையில் நிற்க நேரும். வரியைக் குறைத்துக் கட்டணத்தைக் கூட்டினால் சுமை மேலிருந்து கீழே இறங்குகிறது என்று பொருள்.

இன்னொன்றும் உண்டு. 1954இல் சென்னை அறநிலையச் சட்டம் தொடர்பான சிரூர் மடம் வழக்கில் உச்சநீதிமன்றம் வரி வேறு, கட்டணம் வேறு என்று வகுத்தது. வரிக்குக் கைமாறாக எதுவும் தர வேண்டியதில்லை. கட்டணம் ஒரு சேவைக்காக, அதன் செலவோடு பொருந்தி இருக்க வேண்டும். பிற்காலத் தீர்ப்புகள் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தின என்றாலும் அடிப்படை போய்விடவில்லை. இதை நாம் நம் பக்கம் திருப்பலாம். கட்டணம் சேவையின் செலவு என்றால், அச்செலவில் முதலில் வர வேண்டியவை எவை? செய்பவரின் நியாயமான கூலி, கையுறை, காலணி, இயந்திரம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம். இவை இல்லாமல் போட்ட கணக்கு குறைந்த செலவுக் கணக்காகாது. விடுபட்ட செலவைத் தொழிலாளி தன் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கழிவுநீர்த் தொட்டியில் இந்தக் கணக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. லாரிக்கு இவ்வளவு தர முடியாது என்று வீட்டுக்காரர் பேரம் பேசுகிறார். குறைந்த விலைக்கு ஒருவர் வருகிறார். குழாய் எட்டாத அடிக்கசடை அள்ள ஓர் ஆள் உள்ளே இறங்குகிறார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மரணத்தின் விலையை நீதிமன்றம் காலத்துக்கேற்பத் திருத்திவிட்டது. உயிரோடு செய்யும் வேலையின் விலையைத் திருத்த எந்த மன்றமும் அவ்வளவு அக்கறை காட்டவில்லை.

2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் போனால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்றார்கள். பெரும்பாலோர் பெண்கள். உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் ஆகஸ்ட் 13ஆம் தேதி இரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். சொத்துவரி ஏறிய அதே நகரத்தில், அந்த வரியின் முதல் காரணமாக இருந்தவர்கள் தங்கள் கூலி இறங்காமல் காக்கத் தெருவில் படுக்க வேண்டியிருந்தது. 1793க்கும் 2025க்கும் நடுவில் 232 ஆண்டுகள். வசூல் முறை எவ்வளவோ மாறிவிட்டது. செலவினப் பட்டியலில் நம்மவர் நிற்கும் இடம் மாறவில்லை.

ஆகவே நாம் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். இனி எந்த உள்ளாட்சி மன்றம் சுகாதாரக் கட்டணத்தைத் திருத்தினாலும், அந்தத் தீர்மானத்தோடு ஓர் உழைப்புப் பட்டியல் இணைக்கப்பட வேண்டும். வசூலாகும் ரூபாயில் கூலிக்கு எவ்வளவு, பாதுகாப்புக் கருவிக்கு எவ்வளவு, ஒப்பந்தக்காரரின் லாபத்துக்கு எவ்வளவு என்று அது சொல்ல வேண்டும். கட்டணம் எத்தனை விழுக்காடு ஏறுகிறதோ, கூலியும் குறைந்தது அத்தனை விழுக்காடு ஏற வேண்டும். சேரியின் குப்பைத் தொட்டியும் மற்றத் தெருக்களின் தொட்டியும் ஒரே நாளில் காலியாக வேண்டும்.

இதற்குப் பெரிய மேடை தேவையில்லை. மாணவர்கள் தங்கள் ஊர் மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் போய் உட்காருங்கள். கட்டண உயர்வு பேசப்படும் நாளில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் கூட்டுகிறவருக்கு எவ்வளவு? அன்று வரி கட்டியவருக்கு மட்டும் வாக்கு இருந்தது. இன்று நமக்கும் வாக்கு இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் நாம் உட்காரக் கூடாது.