திங்களூர் இலையும் காஞ்சிபுரத்து இலையும்

பெரியபுராணம் ஒரு விருந்தைச் சொல்கிறது. வைணவக் குருபரம்பரை வரலாறு இன்னொரு விருந்தைச் சொல்கிறது. முதலாவதைச் சைவர்கள் பேசுவார்கள், அடுத்ததை வைணவர்கள் பேசுவார்கள். இரண்டையும் ஒரே திண்ணையில் வைத்துப் பேசுவோர் குறைவு. ஆனால் தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தணர் ஒருவர் வேறு குலத்தில் பிறந்த பெரியவர் ஒருவரைத் தம் வீட்டில் சாப்பிட அழைக்கிறார். பெரியவர் வருகிறார், இலை விழுகிறது. அதற்குப் பிறகுதான் கதைகள் பிரிகின்றன.

திருவையாற்றுப் பக்கம் உள்ள திங்களூரில் இருந்தவர் அப்பூதியடிகள். காலம் ஏழாம் நூற்றாண்டு. திருநாவுக்கரசரை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர், மாட்டுக்கும் எருமைக்கும் அந்தப் பெயர், வீட்டு அளவைப் படிக்கும் நிறைகோலுக்கும் அந்தப் பெயர். வழிப்போக்கருக்கு வைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அதையே எழுதிவைத்தார். பந்தலைக் கண்டு விசாரித்துக்கொண்டு வந்தவர் அந்த நாவுக்கரசரேதான். அவர் பிறப்பால் வேளாளர். அப்பூதியார் அவர் காலில் விழுந்தார், குடும்பமே விழுந்தது, சமையல் தொடங்கியது. குருத்து இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளை விழுந்தான். விருந்து தடைபடக் கூடாதென்று தாயும் தந்தையும் உடலை மறைத்துவிட்டு உணவு படைக்க வந்தார்கள்.

இந்த இடத்தை மெச்சி என்னால் எழுத முடியவில்லை. பெற்ற வயிற்றை அடக்கிக்கொண்டு கரண்டி பிடிக்கும் அளவுக்கு ஒரு தாயிடம் பக்தி எதிர்பார்க்கலாமா என்று மனம் முரண்டுகிறது. நாவுக்கரசர் மனமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். திருநீறு கொடுக்கும்போது மூத்த பிள்ளை எங்கே என்று அவர் கேட்டார். உண்மை தெரிந்ததும் இலையை விட்டு எழுந்து கோயில் முன் நின்று பதிகம் பாடினார். பிள்ளை எழுந்து வந்த பிறகே உட்கார்ந்தார். அதுவும் தனியாக இல்லை. அப்பூதியாரும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து உண்ண, வீட்டுப் பெண்கள் பரிமாற, அவர்களோடு சேர்ந்து உண்டார் என்கிறார் சேக்கிழார். வந்த விருந்தாளி அந்த வீட்டு ஆளாகவே ஆகிவிட்டார். திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியின் பெயரை நாவுக்கரசர் தாமே வைத்துப் பாடியிருப்பதால், இந்த நட்பு பிற்காலத்தார் கட்டிய கதை மட்டும் இல்லை என்றும் தெரிகிறது.

காஞ்சிபுரத்தில் நடந்தது வேறு. திருக்கச்சிநம்பி பூவிருந்தவல்லியில் பிறந்தவர், அந்தணர் அல்லர். வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசுவது அவருடைய கைங்கரியம். பெருமாள் அவரோடு பேசுவார் என்று ஊரே நம்பியது. இளம் இராமானுசர் அவரைக் குருவாகவே கொண்டார். அவர் சொன்னபடி சாலைக்கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார். நம்பி உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்ற ஆசையில் அவரை வீட்டுக்கு அழைத்தார், மனைவி தஞ்சமாம்பாளிடம் சமைக்கச் சொன்னார். இராமானுசர் ஒரு தெரு வழியாக நம்பியைக் கூட்டிவரப் போக, நம்பி இன்னொரு தெரு வழியாக வந்து சேர்ந்தார். கோயிலுக்கு நேரமாகிறது என்றார், உண்டார், போய்விட்டார். அம்மாள் இலையை அகற்றி, மிஞ்சியதைக் கொடுத்துவிட்டு, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு, கணவருக்கென்று புதிதாக உலை வைத்தார். திரும்பி வந்த இராமானுசருக்கு மிச்சமும் கிடைக்கவில்லை, மனமும் உடைந்தது.

உபந்நியாசம் செய்வோர் பழியை அந்த அம்மாள் தலையில் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நான் அப்படிப் போக மாட்டேன். திங்களூர் வீட்டில் நாவுக்கரசரின் பெயர் அடுக்களைக்குள் இருந்தது. அரிசி அளந்த படி அந்தப் பெயர், பால் கறந்த மாடு அந்தப் பெயர், இடுப்பில் இருந்த பிள்ளை அந்தப் பெயர். அவர் நேரில் வந்தபோது அந்தத் தாய்க்கு அவர் அந்நியர் இல்லை. காஞ்சிபுரத்தில் நம்பி மீதிருந்த மரியாதை கணவரோடு கோயிலுக்குப் போனது, கிணற்றங்கரைக்குப் போனது, அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. தஞ்சமாம்பாள் செய்தது அவருக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்த ஆசாரம். அதை விடச் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது பேசியிருக்க வேண்டும். அழைப்பு ஆணுடையதாகவும் உழைப்பு பெண்ணுடையதாகவும் இருக்கும் வீட்டில் விருந்து பாதியில்தான் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாவுக்கரசர் வழிப்போக்கர், நம்பி உள்ளூர்க்காரர். வழிப்போக்கருக்குச் சோறு போடுவது எளிது, பக்கத்துத் தெருக்காரரை உள்ளே கூப்பிட்டு இலை போடுவதுதான் கடினம். அவர் யார், எந்தத் தெரு, யார் மகன் என்று எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு ஊர் பேசும்.

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் குச்சனூரில் இதை நன்றாகப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் ஒன்பது கிரகங்களில் ஒருவராக ஓரமாக நிற்கும் சனீஸ்வரர் இங்கே சுரபி ஆற்றங்கரையில் மூலவராகவே இருக்கிறார். ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது. யார் எவர் என்று கேட்காமல் அன்னதானம் நடக்கிறது, நல்ல காரியம். சனிக்கிழமை உலை இறக்கியதும் முதல் கவளம் எள்ளுச் சோறாகக் காக்கைக்குப் போகிறது. அது கொத்திய பிறகு வீட்டார் சாப்பிடுகிறார்கள். அது வாய் வைத்த இடத்தை யாரும் தீட்டென்று மெழுகுவதில்லை. ஆனால் நம்பி போன்ற ஒருவர் உண்ட இடத்தை மெழுகிய கை இன்னும் முழுக்க ஓயவில்லை. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது நம் காலத்துச் செய்தி. சேரன்மாதேவி குருகுலத்தில் அந்தணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காக 1920-களில் தமிழகக் காங்கிரசே கொந்தளித்தது. வெஞ்சனக் கிண்ணத்தை மதிலுக்கு மேலே நீட்டி வாங்கிக்கொள்கிற அண்டை வீட்டுப் பழக்கம் அழகானதுதான், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிண்ணம் தாண்டும் மதிலை ஆள் தாண்டியிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும்.

இராமானுசர் அந்த நாளை மறக்கவில்லை. இதுபோன்ற பிணக்குகள் பின்னும் வந்து, கடைசியில் இல்லறத்தை விட்டே போனார். திருவரங்கத்தில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது அந்தணரான முதலியாண்டான் கையைப் பிடித்துப் போவார், குளித்துத் திரும்பும்போது மல்லர் குலத்து உறங்காவில்லிதாசர் கையைப் பிடித்து வருவார் என்று வரலாறு சொல்கிறது. தாசரின் மனைவி பொன்னாச்சியாரும் கணவருக்கு இணையான ஞானம் உள்ளவர் என்று வைணவர்கள் போற்றுகிறார்கள். காஞ்சிபுரத்து வீட்டில் வாய்க்காத ஒருமனம் தாசர் வீட்டில் இருந்தது. ஆனால் அப்போது இராமானுசர் துறவி. தஞ்சமாம்பாளோ எப்போதோ பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். நம்பிக்கு இன்னொரு முறை இலை போட அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை.