வீதியைக் குழந்தைகளுக்காகத் திருப்பிக் கேட்ட பெற்றோர்

 

மத்ரஸாவில் ஈமானின் கிளைகளைப் பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அக்கிளைகளுள் மிக உயர்ந்தது ஏகத்துவக் கலிமா. மிகத் தாழ்ந்த படியில் இருப்பது, மக்கள் நடக்கும் பாதையிலிருந்து தீங்கு தரும் பொருளை அகற்றுவது. தீங்கு தரும் பொருள் எது என்று கேட்டால் பிள்ளைகள் உடனே பட்டியலிடுவார்கள்: கல், முள், கண்ணாடித் துண்டு, வாழைப்பழத் தோல். நாமும் 'மாஷா அல்லாஹ்' என்று பாராட்டி, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவோம். விரைந்து வரும் வாகனத்தை எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. நாமும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சாலையில் அடிபட்டு ஒரு குழந்தை மௌத்தான வீட்டிற்கு ஆறுதல் சொல்லச் செல்லும்போது, "அல்லாஹ்வின் நாட்டம், பொறுமை கொள்ளுங்கள்" என்று கூறித் திரும்புகிறோம். அந்தச் சொல் உண்மையானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லோடு நமது கடமையும் முடிந்துவிடுகிறதா? இந்த வினா நெடுநாளாக நம் உள்ளத்தை உறுத்தி வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பெற்றோர் நடத்திய ஒரு போராட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது, அதற்குரிய விடை ஓரளவு தெளிவாயிற்று. அவ்வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வாகனத்திற்காக வெட்டப்பட்ட நகரம்

ஆம்ஸ்டர்டாம் என்றதும் கால்வாய்களும் மிதிவண்டிகளும் நம் கண்முன் வருகின்றன. அந்நகரம் எப்போதும் அப்படியே இருந்தது என்றும், அது அம்மக்களின் இயல்பு என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்களின் வருமானம் உயர்ந்தது. 1950களிலும் 1960களிலும் கார்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே சென்றது. பதினேழாம் நூற்றாண்டில் படகுக்கும் நடைக்கும் உரியதாக அமைந்த நகரில் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே நகரை மாற்ற வேண்டும் என்றே அன்றைய அறிவாளிகள் பலர் கருதினர்.

1954-இல் நகரின் காவல்துறைத் தலைவர் ஹென்ட்ரிக் காஸ்யாகர், கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்து வாகனங்களுக்குச் சாலையாக்கலாம் என்றொரு திட்டத்தை முன்வைத்தார். 1967-இல் டேவிட் யோக்கினன் என்ற அமெரிக்க வல்லுநர், சிங்கல்கிராக்ட் கால்வாயை மூடி அகன்ற விரைவுச்சாலை அமைக்கவும், தொழிலாளர் வாழும் பழைய குடியிருப்புகளை இடிக்கவும் யோசனை கூறினார். இவை முழுமையாக நிறைவேறவில்லை. எனினும், போரின்போது தன் குடிமக்களை நாஜிகளிடம் பறிகொடுத்து வெறிச்சோடிக் கிடந்த பழைய யூதர் குடியிருப்பில் வீடுகள் இடிக்கப்பட்டு, சாலைகள் அகலப்படுத்தப்பட்டன. அருகிலிருந்த நீயூமார்க்ட் பகுதியையும் ஊடறுத்துப் பெருஞ்சாலை அமைக்கும் திட்டம் இருந்தது. அப்பகுதி மக்கள் அதனை எதிர்த்து நின்றனர். 1972-இல் நகரமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அச்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பவர்கள் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த ஒரு வாக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

வீதிகள் அகலமாக ஆக, வேகமும் கூடியது, உயிரிழப்பும் கூடியது. 1971-இல் மட்டும் நெதர்லாந்து முழுவதும் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ஒரு நாளைக்கு ஒரு குழந்தைக்கும் மேல்! பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளை மாலையில் திரும்பாத வீடுகள் அத்தனை இருந்தும், நாடு அதனை வளர்ச்சிக்குக் கொடுக்கும் விலையாகவே ஏற்றுக்கொண்டிருந்தது.

ஒரு தந்தையின் சொல்

அவ்வாறு பிள்ளையை இழந்தவர்களுள் ஒருவர் விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர். பள்ளிக்குச் சென்ற அவருடைய ஆறு வயது மகள், 1971-இல் வழியிலேயே கார் மோதி இறந்தாள். அவர் தம் துயரத்தை வீட்டுக்குள் அடக்கிவைக்கவில்லை. மறு ஆண்டு 'டெ டைட்' என்ற நாளேட்டில் ஒரு கட்டுரை எழுதினார். பெற்றோர் ஒன்றுதிரண்டு அரசை வற்புறுத்தும் அமைப்பொன்று தேவை என்பது அதன் சாரம். அந்த அமைப்புக்கு அவர் முன்மொழிந்த பெயர் 'ஸ்டாப் டெ கிண்டர்மோர்ட்'. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் பொருள்.

இப்பெயர் பலரைத் திடுக்கிட வைத்தது. அதுவரை எல்லோரும் 'விபத்து' என்று சொல்லி வந்ததை அவர் 'கொலை' என்று அழைத்தார். நமது ஷரீஅத்தின் சட்ட நூல்களைக் கற்றவர்களுக்கு இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வரும். வேண்டுமென்று செய்யாமல் தவறுதலாக ஓர் உயிர் போக்கப்பட்டாலும், அதனையும் 'கத்ல்' என்ற சொல்லாலேயே நமது ஃபுகஹாக்கள் குறிக்கின்றனர். அதற்கு இழப்பீடும் உண்டு, பரிகாரமும் உண்டு. எண்ணம் இல்லாததால் பாவத்தின் அளவு குறையலாம், பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. லாங்கன்ஹோஃப் இதனை அறிந்து எழுதியவர் அல்லர். ஆனாலும் அவருடைய சொல் பொறுப்பு என்ற இடத்திலேயே விரல் வைத்தது.

அழைப்பை ஏற்றுப் பெற்றோர் திரண்டனர். அமைப்பின் முதல் தலைவரானவர் மார்ட்யே வான் புட்டன். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரான அவர், அன்று ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஓர் இளம் தாய். தம் வீட்டுக்கு அருகிலேயே குழந்தைகள் அடிபடுவதைக் கண்டவர்.

பிள்ளைகள் மூடிய வீதி

அதே 1972-இல், ஆம்ஸ்டர்டாமின் டெ பைப் என்ற குடியிருப்பில் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட நெருக்கமான பகுதி அது. குறுகிய வீதிகளின் இருமருங்கிலும் கார்கள் அடைத்து நிற்க, நடுவில் வாகனங்கள் ஓடின. பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு சாண் இடமில்லை. அங்கிருந்த பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீதியைத் தாங்களே அளந்து பார்த்தனர். அக்கம்பக்கத்தாரிடம் கையொப்பம் திரட்டினர். பின்னர் பெரியவர்களின் துணையோடு தடுப்புகளை வைத்து ஒரு வீதியை மூடி, அங்கே விளையாடினர். தடுப்பைத் தள்ளிக்கொண்டு செல்ல முயன்ற ஓட்டுநர்களுக்கும் அப்பகுதியாருக்கும் கைகலப்பு நேரும் அளவுக்குச் சென்றது. இவை அனைத்தையும் டச்சுத் தொலைக்காட்சி படமாக்கி ஒளிபரப்பியதால், ஒரு வீதியின் வழக்கு நாட்டின் வழக்காயிற்று.

'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' அமைப்பினரும் இத்தகைய வழிகளையே கையாண்டனர். குழந்தைகள் அடிபட்ட சந்திப்புகளில் கூடி நின்றனர்; மிதிவண்டி ஊர்வலங்கள் நடத்தினர்; வீதியை ஒருநாள் மூடி, மேசைகளை வெளியே கொணர்ந்து அண்டை வீட்டாரோடு சேர்ந்து உணவருந்தினர். பிரதமர் யோப் டென் அய்லின் வீட்டு வாசலுக்கே சென்று குழந்தைகளுக்குப் பாதுகாப்பான வீதி வேண்டும் என்று பாடினர். அவர் வெளியே வந்து செவிமடுத்தார். 1975-இல் மிதிவண்டி ஓட்டுவோர் தமக்கென ஒரு சங்கம் கண்டு, இம்முயற்சிக்கு வலுச் சேர்த்தனர்.

இதற்கிடையில் 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 4 தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டத் தடை விதிக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தனர். பிள்ளைகள் சறுக்குச் சக்கரங்களில் ஓடினர். வாகனம் இல்லாத வீதி எப்படியிருக்கும் என்பதை ஒரு தலைமுறை தன் கண்ணால் கண்டது.

கோரிக்கை கல்லும் மண்ணுமாக மாறியது

கோபம் மட்டுமே இருந்திருந்தால் இவ்வரலாறு சில ஆண்டுகளில் மறக்கப்பட்டிருக்கும். அவர்கள் கோரிக்கையோடு வரைபடத்தையும் கையில் எடுத்தனர். டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியிலேயே புதிய வகை வீதியொன்று சோதிக்கப்பட்டு வந்தது. 'வூனெர்ஃப்' என்று அதற்குப் பெயர். 'குடியிருப்பு முற்றம்' எனலாம். அங்கே நடைபாதை வேறு, வாகனப் பாதை வேறு என்ற பிரிவில்லை. மரமும், இருக்கையும், வளைவுகளும் நடுவே அமைந்திருப்பதால் ஓட்டுநர் விரும்பினாலும் விரைய இயலாது. 1976-இல் அரசு அதனைச் சட்டமாக்கியது: அவ்வீதியில் பிள்ளைகள் விளையாடலாம், வாகனம் நடைவேகத்தில்தான் செல்ல வேண்டும். அதாவது, அங்கே வாகனமே விருந்தாளி.

1980களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக எல்லை கொண்ட குடியிருப்புப் பகுதிகள் வந்தன. இதன் காரணம் எளிய கணக்கு. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. 30-இல் வரும் வாகனத்தைவிட 50-இல் வரும் வாகனம் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. நிறுத்துவதற்கு வேண்டிய தொலைவும் அதற்கேற்ப நீள்கிறது. அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பாமல், வீதியின் அமைப்பையே அவர்கள் மாற்றினர். சிறு வீதி பெருஞ்சாலையைச் சேருமிடத்தில் நடைபாதை அறுபடாமல், அதே உயரத்தில் தொடர்ந்து செல்லும். வாகனம்தான் மேடேறி இறங்க வேண்டும். நடப்பவருக்கே முன்னுரிமை என்பதை ஓட்டுநரின் சக்கரம் உணரும்.

இதனால் விளைந்தது என்ன? 1971-இல் 400-க்கும் மேலிருந்த குழந்தைகளின் இறப்பு, 2010-இல் 14 ஆகக் குறைந்தது. நீதியோடு சொல்வதானால், இதற்குப் பெற்றோரின் போராட்டம் ஒன்றே காரணமன்று. மது அருந்தி ஓட்டுவதற்கு எதிரான 1974-ஆம் ஆண்டுச் சட்டம், 1975-இல் வந்த இருக்கைப் பட்டிக் கட்டாயம், மருத்துவ வளர்ச்சி ஆகியவற்றுக்கும் பங்குண்டு. பணி முடிந்துவிட்டதாகவும் கூற இயலாது: 2022-இல் அந்நாட்டுச் சாலைகளில் 745 பேர் இறந்தனர், அவர்களுள் 291 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். ஆகவேதான் 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரம் தன் பெரும்பாலான வீதிகளில் 30 கிலோமீட்டர் எல்லையை நடைமுறைப்படுத்தியது. தாத்தா, பாட்டி காலத்தில் தொடங்கிய வேலையைப் பேரப்பிள்ளைகள் தொடர்கின்றனர்.

நாட்டத்திலிருந்து நாட்டத்திற்கு

இப்போது நமது வினாவுக்குத் திரும்புவோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, சர்க் என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. தோழர்களிடம் ஆலோசனை கலந்தபின், மக்களோடு திரும்பிவிட முடிவு செய்தார்கள். "அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?" என்ற கருத்தில் அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்று விளக்கிய உமர் (ரலி) அவர்கள், பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால் எங்கே ஒட்டகத்தை மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே ஆகும் என்பதை எடுத்துக்காட்டினார்கள். கத்ரின் மீதுள்ள நம்பிக்கை, நடந்து முடிந்ததன் மீது பொறுமையைத் தருகிறது. நடக்கவிருப்பதைத் தடுக்கும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. வறண்ட பக்கமே மேய்த்துவிட்டு விதியைக் குறை கூறுவது ஈமானுக்கு அழகன்று.

டச்சுப் பெற்றோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். எனினும் பாதையின் உரிமைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்ட 'தீங்கு செய்யாதிருத்தல்' என்பதை ஒரு நகரம் முழுவதற்குமாக எப்படிச் செயற்படுத்தலாம் என்பதை அவர்களிடமிருந்து கற்பதில் நமக்குக் குறைவேதுமில்லை.

கற்றதை எங்கிருந்து தொடங்குவது? நாம் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. காலையில் மத்ரஸா வாசலில் நின்று சில நாட்கள் கவனித்தோம். பிள்ளைகளுக்கு அச்சுறுத்தலாக வந்த வாகனங்களுள் பல, பிற பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நம் பெற்றோருடைய இருசக்கர வண்டிகளே. ஜும்ஆ நாளில் நடைபாதையை அடைத்து நின்றவையும் தொழ வந்த நம்முடைய வண்டிகளே. வயது முதிர்ந்த ஒருவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலையில் இறங்கி நடந்ததைப் பார்த்தபோது, மேடையில் நாம் சொல்லிவந்த நபிமொழி நம்மையே நோக்கித் திரும்பியது.

இவ்வாண்டு அப்பாடம் வந்தபோது, கல், முள், கண்ணாடித் துண்டு என்ற பட்டியலோடு நாம் நிறுத்தவில்லை. இன்னும் என்ன என்று கேட்டுக் காத்திருந்தோம். சற்று நேரம் அமைதி. பின்னர் கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அத்தாவோட பைக்கு, உஸ்தாத்." பிள்ளைகள் சிரித்தனர். நாம் அதனைக் கரும்பலகையில் எழுதினோம்.

நம் பாதைகளில் நடப்போர் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! அவர்களைப் பாதுகாக்கும் கடமையில் நமக்கும் பங்களிப்பானாக! ஆமீன்.