ஏரிக்கரைக்கு வந்தவர்களும் மலைவிட்டுப் போனவர்களும்

ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வைத் திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பில் படித்த நமக்கு அதில் வரும் நதி நன்கு பழக்கம். அந்த நதி எழுதப்பட்ட இடமோ ஓர் ஏரியை நோக்கிய மலைச்சரிவு. ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே, இத்தாலிய மொழி பேசும் சுவிஸ் மாநிலமான திச்சினோவில், லுகானோ நகருக்கு அருகிலுள்ள மொந்தன்யோலா என்னும் சிற்றூர் அது.

1919 மே மாதம் ஹெஸ்ஸே அங்கு வந்து சேர்ந்தபோது அவருடைய குடும்பம் சிதறியிருந்தது. மனைவி மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தார்; பிள்ளைகள் பிறர் பொறுப்பில் இருந்தனர். ஜெர்மன் நாணயத்தின் வீழ்ச்சி அவருடைய வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. பழைய மாளிகையொன்றில் சில அறைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எழுதினார், நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். 'சித்தார்த்தா' 1922இல் வெளிவந்தது. 1962இல் இறக்கும்வரை அவர் அவ்வூரை விட்டுப் பெயரவில்லை.

அவருக்கு முன்பே வடக்கிலிருந்து பலர் வந்திருந்தனர். 1882இல் திறக்கப்பட்ட, 15 கிலோமீட்டர் நீளமான கோத்தார்டு ரயில் சுரங்கம்தான் அவர்களுக்கு வழி திறந்தது. அதை வெட்டும் பணியில் ஏறத்தாழ 200 தொழிலாளர்கள் மாண்டனர், பெரும்பாலோர் இத்தாலியர். 1900இல் மஜோரே ஏரிக்கரையிலுள்ள அஸ்கோனாவில், தொழில் நாகரிகத்தை வெறுத்த சிலர் 'மோந்தே வெரித்தா' என்ற குடியிருப்பை அமைத்தனர். இயற்கையோடு இயைந்த, புலால் மறுத்த எளிய வாழ்வை அவர்கள் அங்கே நாடினர்.

அவர்கள் விரும்பித் தேடிவந்த அந்த எளிமை, உள்ளூர் மக்களுக்கு வறுமை என்ற பெயரில் ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தது. விளைநிலம் குறைவு, செஸ்நட் கொட்டையே ஏழைகளின் உணவு. 1850களில் மாஜ்ஜா, வெர்சாஸ்கா பள்ளத்தாக்குகளின் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் தங்கம் தேடிக் கடனோடு கப்பலேறினர். கிராமங்களில் பெண்களும் முதியவர்களுமே எஞ்சினர். அதைவிடக் கொடியது சிறுவர்களின் பயணம். ஆள்பிடிப்பவர்கள் அவர்களை மிலான் போன்ற நகரங்களுக்குப் புகைபோக்கி துடைக்க அழைத்துச் சென்றனர். குறுகிய புகைபோக்கிக்குள் நுழையச் சிற்றுடலே தகுதியாக இருந்தது.

இவ்விரு கதைகளும் ஓரிடத்தில் சந்தித்தன. 1933இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த எழுத்தாளர் லிசா தெட்ஸ்னர், லுகானோவை ஒட்டிய கரோனாவில் கணவர் குர்ட் கிளேபருடன் குடியேறினார். அங்கே அந்தச் சிறுவர்களின் வரலாறு அவரை எட்டியது. 1940-41இல் அவர் பெயரில் வெளிவந்த 'கறுப்புச் சகோதரர்கள்' என்ற நாவல் அவர்களைப் பற்றியது. அதன் எழுத்தில் கணவருக்கும் பெரும் பங்குண்டு. அகதி என்பதால் அவர் நூல் வெளியிடத் தடை இருந்தது.

திச்சினோவின் அழகைப் பாடியவர்கள் பலர். அம்மலைகளை விட்டு ஏன் மக்கள் போனார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அக்கேள்வி, தன் மண்ணைத் தானும் இழந்துவந்த ஒருவரிடமிருந்து பிறந்ததை நாம் தற்செயல் என்று கருதவில்லை. ஓரிடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கு வந்தவர்களின் பதிவேட்டோடு நின்றுவிடலாகாது. போனவர்களின் கணக்கையும் தேடியாக வேண்டும்.