கல்லாய்ச் சமைந்த மரங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தமிழருள் பலர், தென்னார்க்காடு, வடஆர்க்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுள் தென்னார்க்காட்டார் விட்டுவந்த மண்ணில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. வக்கராசுரன் என்னும் அரக்கனின் எலும்புகளே அக்கற்கள் என்பது ஊரார் வழக்கு.

பிரெஞ்சு இயற்கை அறிஞர் பியர் சொன்னரா 1781ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டறிந்தார். 1782இல் வெளிவந்த அவரது பயண நூல், நெகிரி செம்பிலானை அடுத்துள்ள மலாக்காவையும் விவரிக்கிறது. தொழிலாளரை ஏற்றிய கப்பல்கள் புறப்படுமுன்பே இரு கரைகளும் ஒரே ஏட்டில் இடம்பெற்றுவிட்டன.

அம்மரங்களின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள். வேரும் கிளையுமின்றிப் படுத்த நிலையில் கிடப்பதால், அவை வேறிடத்தில் வளர்ந்து வெள்ளத்தால் அடித்து வரப்பட்டவை என்பது புலனாகும். மணல் மூடியதால் காற்றுப் புகவில்லை. ஆகவே மரம் விரைவில் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுள் புகுந்து படிந்தது. மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்க, அதன் வடிவைக் கல் ஏற்றுக்கொண்டது. எரிமலைச் சாம்பல் மூடிய நாடுகளிலோ, சாம்பல் நீரில் கரைந்து, சியோலைட் என்னும் படிகங்களும் புதைபொருள்களில் விளைவதுண்டு. சூடேற்றினால் கொதிப்பதுபோல் நீராவி விடுவதால், சுவீடன் அறிஞர் குரோன்ஸ்டெட் 1756இல் அதற்குக் ‘கொதிக்கும் கல்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார்.

1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் மரமோ, பால் வற்றியதும் வெட்டி வீழ்த்தப்படுகிறது. மழையில் கிடந்தால் சில ஆண்டுகளில் பூஞ்சை அதனை அரித்துவிடும். மரம் நிலைப்பதற்கு அதன் வலிமை மட்டும் போதாது. காப்பதற்கு ஒன்று காலத்தே வந்து சேரவேண்டும்.

தோட்டத் தமிழர் வரலாறும் இத்தகையதே. 1938இல் இந்திய அரசின் தடையால் கங்காணி வழி ஆட்சேர்ப்பு முடிந்தது. அவ்வாறு வந்த தலைமுறை மறைந்துவருகிறது. பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, லயங்கள் இடிந்தன. பிறந்த ஊர், வந்த ஆண்டு, உழைத்த தோட்டம் ஆகியவை ஏட்டில் ஏறாவிடின், எஞ்சுவது வெறும் கதையே. உண்மையை அறிய வழியில்லாத இடத்தில் கதை வந்து அமரும் என்பதற்கு வக்கராசுரன் எலும்புகளே சான்று. கல்லுக்குள் மரத்தைக் காண அறிவியல் வந்தது. ஏட்டில் ஏறாத மனிதரை மீட்க எந்த அறிவியலும் வாராது.